பெரிய ஃப்ளாட் பிரஷ் ஒண்ண வெச்சு பாலாத்த வாட்டர்கலர்ல போடுறது எப்படி

தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்னு எங்க வேலூர பத்தி ஒரு பழைய பேச்சு இருக்கு, வெளியூர் போனா யாராவது ஒருத்தர் இத சொல்லாம விடமாட்டாங்க. கோயில் விஷயம் 1981லயே மாறிடுச்சு, ஜலகண்டேஸ்வரர் திரும்ப உள்ள வந்துட்டாரு. ஆத்துலயும் 2021 நவம்பர்ல கரை புரண்டு தண்ணி போச்சு, பாக்கிறதுக்குன்னே ஊர் சனம் பாலத்துகிட்ட வந்து நின்னுச்சு. ஆனா வருஷத்துல முக்கால்வாசி நாள் பாலாறுன்னா மணல்தான், சுத்தி இருக்கிற மலைன்னா மொட்டைப் பாறைதான். வாட்டர்கலர் கத்துக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு இத விட நல்ல காட்சி எனக்கு தெரிஞ்சு கிடையாது, ஏன்னா மேல வானம் ஒரு துண்டு, நடுவுல மலை ஒரு துண்டு, கீழ மணல் ஒரு துண்டு, அவ்ளோதான், மூணே மூணு பெரிய துண்டு. கொடைக்கானல் மாதிரி ஆயிரம் மரம் ஆயிரம் பச்சைன்னு கண்ண குழப்பாது.

இந்த மூணு துண்ட ஒரே ஒரு பெரிய ஃப்ளாட் பிரஷ்ல போடுறது எப்படின்னு ஆரம்பத்துல இருந்து சொல்றேன். நானும் சின்ன சின்ன ரவுண்டு பிரஷ்ல ஆரம்பிச்ச ஆள்தான். சின்ன பிரஷ் கையில இருந்தா கண்ணு சின்ன விஷயத்தையே தேடும், மலைல இருக்கிற ஒவ்வொரு பாறையையும் ஒவ்வொரு புதரையும் போட்டு முடிக்கிறதுக்குள்ள படம் செத்துப் போயிடும். பெரிய பிரஷ்ஷால அந்த பாறைய போடவே முடியாது, அதனால வேற வழியில்லாம மலைய மலையா பாக்க ஆரம்பிப்பீங்க. லூஸ் ஸ்டைல்னு சொல்றது இத்தான். கம்மி பிரஷ் அடி, ஒவ்வொண்ணும் யோசிச்சு வெச்ச அடி, மிச்சத்த தண்ணி பாத்துக்கும்.

பிரஷ்ல இருந்து ஆரம்பிப்போம். ஏ4 சைஸ் பேப்பர்னா ஒரு இஞ்ச் அகல சிந்தெடிக் ஃப்ளாட் போதும், ஏ3னா ஒன்றரை இஞ்ச் இல்ல ரெண்டு இஞ்ச். அணில் முடி, சேபிள் முடி பிரஷ்லாம் விலை ஜாஸ்தி, ஆரம்பத்துல அது தேவையே இல்ல, இந்த வேலைக்கு சிந்தெடிக்தான் நல்லதுன்னே சொல்வேன், ஏன்னா அது ஸ்பிரிங் மாதிரி நிமிந்து நிக்கும், நனைச்சு ஒரு உதறு உதறினா முனை உளி மாதிரி நேரா வரும், அந்த நேர் முனைதான் நமக்கு வேணும். வாங்கும்போது கடையில கொஞ்சம் தண்ணி கேட்டு நனைச்சு பாருங்க, தரமாட்டேன்னா விரலால முடிய ஒரு பக்கமா வளைச்சு விட்டு பாருங்க, உடனே நிமிரணும், முனையில முடி அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு பிரிஞ்சு நிக்கக்கூடாது. நான் முதல்ல காசு மிச்சம் பண்றேன்னு வார்னிஷ் அடிக்கிற பிரஷ் ஒண்ணு வாங்கினேன், வானம் போடும்போது ஒவ்வொரு இழுப்புக்கும் ரெண்டு மூணு முடி பேப்பர்லயே ஒட்டிகினு வந்துச்சு, அத எடுக்கப் போய் விரல் ரேகை விழுந்து ரெண்டு நல்ல பேப்பர் போச்சு. அதனால ஆர்ட்டிஸ்ட் பிரஷ்ஷே வாங்கிடுங்க.

சிந்தெடிக்ல ஒரு குணம் இருக்கு, இத முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டா பாதி கஷ்டம் கம்மி. இயற்கை முடியில மேல் பக்கம் செதில் செதிலா இருக்கும், அது தண்ணிய புடிச்சு வெச்சு கொஞ்சம் கொஞ்சமா விடும். சிந்தெடிக் இழை வழவழன்னு இருக்கிறதால தண்ணி நிக்காது, பேப்பர்ல வெச்ச உடனே முதல் ரெண்டு இஞ்ச்லயே முக்கால்வாசி கொட்டிடும், அப்புறம் காய்ஞ்சு போன மாதிரி இழுக்கும். புதுசா வர்றவங்க இத பாத்துட்டு பிரஷ் சரியில்லன்னு நினைக்கிறாங்க. பிரஷ்ஷ தண்ணியில முக்கி எடுத்த உடனே டப்பா விளிம்புல ஒரு தடவ, பழைய வேட்டி துணியில ஒரு தடவ ஒத்தி எடுத்துட்டு அப்புறம் கலர் எடுங்க. எப்பவும் பக்கத்துல அந்த துணி இருக்கணும். என்னைக் கேட்டா பிரஷ்ஷ விட அந்த துணிதான் முக்கியமான கருவி, தண்ணி எவ்ளோ இருக்கணும்ங்கிறத அதுதான் முடிவு பண்ணுது.

பேப்பர்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. ஸ்கூல் ட்ராயிங் நோட்டு பேப்பர் ஈரம் பட்டா அப்பளம் மாதிரி வளைஞ்சுக்கும், பள்ளத்துல தண்ணி குட்டையா நிக்கும். 300 ஜிஎஸ்எம் (பேப்பரோட கனத்துக்கான கணக்கு), கோல்ட் பிரஸ்டுன்னு கேட்டு வாங்குங்க, மேல தடவி பாத்தா லேசா சொரசொரன்னு இருக்கும், அந்த சொரசொரப்புதான் பின்னாடி நமக்கு மணலா மாறப் போகுது. நூறு சதவீதம் காட்டன் பேப்பர் விலை கூட, ஆனா ரொம்ப நேரம் ஈரத்த புடிச்சு வெச்சிக்கும், எங்க ஊர் வெயிலுக்கு அது பெரிய உதவி. பழகுறதுக்கு சாதா பேப்பர் வாங்கி ரெண்டு பக்கமும் போட்டு தேச்சுடுங்க, நல்ல படத்துக்கு காட்டன்ல நாலு ஷீட் தனியா வெச்சிக்கங்க. பேப்பர ஒரு ப்ளைவுட் பலகையில வெச்சு நாலு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்க, பெயிண்ட் கடையிலயே கிடைக்கும். பலகைக்கு மேல் பக்கம் அடியில ரெண்டு விரக்கடை உயரத்துக்கு எதாவது முட்டு குடுங்க, கலர் தானா கீழ இறங்கி வரணும், அதுக்கு அந்த சாய்வு வேணும்.

கலர் நாலே நாலு. அல்ட்ராமரைன் ப்ளூ, பர்ன்ட் சியன்னா, எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), லெமன் எல்லோ. கேம்லின் ட்யூப் போதும், கேக் கலர் வேணாம், பெரிய பிரஷ்ஷ அந்த குட்டி கட்டியில தேச்சா பிரஷ் முனையும் போகும் கலரும் போதுமான அளவு வராது. அல்ட்ராமரைன்ங்கிறது ஒரு காலத்துல ஆப்கானிஸ்தான்ல வெட்டி எடுத்த லாபிஸ்ங்கிற நீலக் கல்ல அரைச்சு செஞ்சது, தங்கத்துக்கு போட்டியா விலை வித்துச்சு. செயற்கையா செய்ய வழி கண்டுபிடிச்சதுக்கு 1828ல பிரான்ஸ்ல கிமேங்கிறவருக்கு பரிசு குடுத்தாங்க, அப்புறம்தான் எல்லாருக்கும் கட்டுப்படியாச்சு, நம்ம வீட்டு வெள்ளை வேட்டிக்கு போட்ட அந்த பொடி நீலமும் இதே சரக்குதான். சியன்னா இத்தாலியில ஒரு ஊரு, அந்த ஊர் பேர்ல வர்ற மண்ண வறுத்தா செங்கல் நிறத்துல வர்றதுதான் பர்ன்ட் சியன்னா. இந்த ரெண்டையும் கலந்தா ஒரு சாம்பல் நிறம் வரும் பாருங்க, அப்படியே நம்ம ஊர் மலை நிறம். நீலம் கூட போட்டா தூரத்து மலை, சியன்னா கூட போட்டா கிட்டத்து பாறை. கறுப்பு ட்யூப் வாங்கவே வேணாம்.

பேலட்டுக்கு கடையில விக்கிற குழி குழியா இருக்கிற ப்ளாஸ்டிக் தட்டு உதவாது, ஒரு இஞ்ச் பிரஷ் அந்த குழிக்குள்ள போகவே போகாது. வீட்டுல இருக்கிற வெள்ளை பீங்கான் தட்டு ஒண்ணு எடுத்துக்கங்க. ஓரத்துல நாலு கலரையும் சுண்டைக்காய் அளவு பிதுக்கி வெச்சிட்டு நடுவுல கலக்குங்க. தண்ணிக்கு ரெண்டு டப்பா, ஒண்ணு கழுவுறதுக்கு, ஒண்ணு சுத்தமா எடுக்கிறதுக்கு. போர் தண்ணி ரொம்ப உப்பா இருந்தா கேன் தண்ணியே ஊத்திக்கங்க.

கலர எவ்ளோ கெட்டியா கலக்கணும்னு புக்குல படிச்சா ஒண்ணும் புரியாது, நான் சமையல்கட்டு கணக்குல வெச்சிருக்கேன். கஞ்சித்தண்ணி, மோர், தயிர். தட்ட சாய்ச்சா உடனே ஓடுறது கஞ்சித்தண்ணி, அது வானத்துக்கும் மணலுக்கும். சாய்ச்சா மெதுவா நகர்றது மோர், அது மலைக்கு. சாய்ச்சாலும் அசையாம உக்காந்திருக்கிறது தயிர், அது கடைசியில பனை மரத்துக்கும் புதர் அடி நிழலுக்கும். தூரத்துல இருந்து கிட்ட வர வர கலர் கெட்டியாகுதுன்னு ஞாபகம் வெச்சிக்கிட்டா போதும். இன்னொண்ணு, வாட்டர்கலர் காய்ஞ்ச அப்புறம் ஒரு படி வெளுத்துடும், அதனால ஈரத்துல பாக்கும்போது கொஞ்சம் அழுத்தமா தெரியுதேன்னு பயப்படாதீங்க, அதுதான் சரி.

படத்துக்கு போறதுக்கு முன்னாடி ஒரு பழைய பேப்பர்ல பத்து நிமிஷம் பிரஷ்ஷ மட்டும் பழகுங்க. முழு அகலத்தையும் படுக்க வெச்சு இடமிருந்து வலமா ஒரு இழுப்பு, இது பட்டை. அதே பிரஷ்ஷ நிமித்தி முனை மட்டும் பட மேலிருந்து கீழ ஒரு இழுப்பு, மெல்லிசா கோடு வரும், ஒரு இஞ்ச் பிரஷ்ல இவ்ளோ மெல்லிசு கோடான்னு ஆச்சரியமா இருக்கும். மூலை ஒண்ண மட்டும் தொட்டு தொட்டு எடுத்தா புதர், இலை, ஆளு தலை எல்லாம் அதுலதான். அப்புறம் எனக்கு ரொம்ப புடிச்ச ட்ரை பிரஷ். கலர எடுத்துட்டு பிரஷ்ஷோட கழுத்துப் பக்கம், அந்த தகரம் இருக்கிற இடத்துல துணிய வெச்சு ஒத்துங்க, தண்ணி போயிடும் கலர் நிக்கும், இப்ப பிரஷ்ஷ கிட்டத்தட்ட பேப்பர் மேல படுக்க வெச்சு, அழுத்தாம, சர்ருன்னு வேகமா ஒரு இழுப்பு. பேப்பரோட மேடுல மட்டும் கலர் ஒட்டும், பள்ளத்துல வெள்ளை நிக்கும், பொரிஞ்ச மாதிரி ஒரு கோடு வரும். மெதுவா இழுத்தா வராது, பேப்பருக்கு கலர குடிக்கிறதுக்கு நேரம் குடுக்கக்கூடாது. தண்ணி இல்லாத ஆத்த தண்ணி இல்லாத பிரஷ்லதான் போடணும். இது ஒண்ணு கைக்கு வந்துட்டா பாலாத்து மணல் உங்களுது.

இப்ப இடத்துக்கு போவோம். காலைல ஆறு ஆறரைக்கு ஆத்தங்கரையில உக்காருங்க, நிழல் நீளமா விழும், மலை ஒரு பக்கம் வெளிச்சம் ஒரு பக்கம் இருட்டுன்னு தெளிவா பிரிஞ்சு நிக்கும். பத்து மணிக்கு மேல எல்லாம் ஒரே வெளுப்பு, ஒண்ணும் தெரியாது. கண்ண பாதி மூடிக்கிட்டு பாருங்க, விவரம் எல்லாம் போய் மூணு துண்டு மட்டும் நிக்கும். பென்சில்ல நாலு அஞ்சு கோடுக்கு மேல போடாதீங்க, மணல் முடியிற கோடு, மலை மேல் விளிம்பு, பனை நிக்கிற இடத்துல ஒரு புள்ளி. மணல் கோடு பேப்பர்ல சரிபாதியில வேணாம், கீழ மூணுல ஒரு பங்குல வெச்சா வானத்துக்கு இடம் கிடைக்கும், மேகம் இல்லாத நாளா இருந்தா மேல தூக்கி மணலுக்கு இடம் குடுங்க.

முதல்ல வானம். தட்டுல கஞ்சித்தண்ணி பதத்துல அல்ட்ராமரைன நிறைய கலந்து வெச்சிட்டு, பக்கத்துலயே ஓக்கர் கொஞ்சம் அதே பதத்துல கலந்து வெச்சிட்டு, அப்புறம்தான் பேப்பர நனைக்கணும். பேப்பர நனைச்சிட்டு கலர் கலக்க உக்காந்தா எங்க ஊர்ல அது அதுக்குள்ள காய்ஞ்சிடும். சுத்தமான தண்ணியில பிரஷ்ஷ முக்கி மேல இருந்து மலை விளிம்பு வரைக்கும் பட்டை பட்டையா நனைங்க, ஒரு பட்டை மேல அடுத்த பட்டை கொஞ்சம் ஏறணும். அப்புறம் தலைய சாய்ச்சு பக்கவாட்டுல இருந்து பேப்பர பாருங்க. கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தா தண்ணி ஜாஸ்தி, கொஞ்சம் பொறுங்க. பட்டுப்புடவை மாதிரி ஒரு மினுமினுப்பு இருந்தா அதுதான் நேரம், மேல நீலத்த மூணு இழுப்பு, கீழ வர வர தண்ணி சேத்து வெளுப்பா, மலைக்கு மேல ஓக்கர் ஒரு இழுப்பு. மேகம் வேணும்னா அந்த இடத்த தொடாம விட்டுடுங்க, வெள்ளை பேப்பர்தான் மேகம். அப்புறம் கைய எடுத்துடுங்க. மினுமினுப்பு போயிடுச்சு, ஆனா புறங்கைய வெச்சு பாத்தா இன்னும் ஜில்லுன்னு இருக்கு, இந்த நிலைதான் ஆபத்து, இப்ப ஈர பிரஷ்ஷ வெச்சா உள்ள இருக்கிற கலர தண்ணி தள்ளிகினு போய் ஓரத்துல காலிஃப்ளவர் மாதிரி திட்டு விழும், அத எடுக்கவே முடியாது. ஒண்ணு மினுமினுப்பு இருக்கும்போது வேலை செய்யணும், இல்ல முழுசா காய்ஞ்ச அப்புறம். நடுவுல கைய கட்டிக்கிட்டு உக்காருங்க.

வெயில் விஷயத்த இங்கயே சொல்லிடுறேன், ஏன்னா வெளிநாட்டுக்காரங்க வீடியோ பாத்து கத்துக்கிற எல்லாரும் இதுலதான் மாட்டுறாங்க. அங்க குளிர் ஊர்ல உக்காந்து பேப்பர் பத்து நிமிஷம் ஈரமா இருக்கும்னு சொல்லுவாங்க. வேலூர்ல அக்னி நட்சத்திரத்துல 40 டிகிரிய தாண்டுற நாள்ல மூணு நாலு நிமிஷத்துல காய்ஞ்சிடுது, ஃபேன் ஓடினா இன்னும் சீக்கிரம். கத்துக்கிறவங்க தப்பு அவங்க கை மேலன்னு நினைச்சு மனசு விட்டுடுறாங்க, தப்பு கையில இல்ல, காத்துல. மூணு வழி இருக்கு. சித்திரை வைகாசியில காலைல ஏழரைக்குள்ள வானத்த முடிச்சிடுங்க. வீட்டுல போடுறீங்கன்னா ஃபேன நிறுத்திட்டு வேர்த்தாலும் பரவால்லன்னு அந்த அஞ்சு நிமிஷம் உக்காருங்க. மூணாவது, காட்டன் பேப்பரா இருந்தா டேப் ஒட்டாம ரெண்டு பக்கமும் நல்லா நனைச்சு ஒரு ப்ளாஸ்டிக் ஷீட் மேல படிய வெச்சிடுங்க, பின்னாடி ஈரம் இருக்கிற வரைக்கும் முன்னாடி காயாது, இருபது நிமிஷம் தாராளமா கிடைக்கும், ஓரத்த மட்டும் அடிக்கடி ஒத்தி எடுங்க. ஐப்பசி கார்த்திகை மழையில இதுக்கு நேர் எதிர், பேப்பர் காயவே காயாது, அப்ப ஹேர் ட்ரையர தூரமா புடிச்சு ஓட்டுங்க.

அடுத்து மலை. தூரத்து மலைய வானம் இன்னும் லேசா ஈரமா, அந்த மினுமினுப்பு போறதுக்கு முன்னாடி போட்டா விளிம்பு பஞ்சு மாதிரி கரையும், பனி மூடின மாதிரி இருக்கும். கலர் மட்டும் வானத்த விட கெட்டியா, மோர் பதத்துல இருக்கணும், தண்ணியா இருந்தா பொங்கி மேல ஓடிடும். கிட்டத்து மலைய வானம் முழுசா காய்ஞ்ச அப்புறம் போடுங்க, விளிம்பு கத்தி மாதிரி வரணும். அல்ட்ராமரைன் ரெண்டு பங்கு, சியன்னா ஒரு பங்கு. தட்டுல ரெண்டையும் முழுசா ஒண்ணா அரைக்காதீங்க, பாதி கலந்தாப் போதும், பேப்பர்ல ஒரு பக்கம் நீலமாவும் ஒரு பக்கம் செம்மண்ணாவும் தானா பிரியட்டும். பிரஷ்ஷோட மூலைய மலை உச்சியில வெச்சு, விளிம்பு வழியா தள்ளிகினே போய், அப்படியே முழு அகலத்தையும் கீழ இழுங்க. நம்ம ஊர் மலை உருண்டை இல்ல, கோணல் மாணலா உடைஞ்ச கருங்கல், ஃப்ளாட் பிரஷ் மூலை அதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். ஆறு ஏழு இழுப்புல மலை முடிஞ்சிடணும். அடியில, மரங்க வரப் போற இடத்துல, சுத்தமான ஈர பிரஷ்ஷால ஒரு இழுப்பு இழுத்து கரைச்சு விட்டுடுங்க, மலை தரையில இருந்து எழும்பி நிக்கிற மாதிரி தெரியும். அல்ட்ராமரைன்ல ஒரு விசேஷம், அது மாவு மாதிரி பேப்பர் பள்ளத்துல போய் படியும், காய்ஞ்ச அப்புறம் புள்ளி புள்ளியா தெரியும், பாறைய தடவி பாத்த மாதிரி இருக்கும். அது தானா வர்றது, திரும்ப தேச்சா போயிடும்.

பாறை வேணும்னு ஆசையா இருந்தா ஒரு வேலை செய்யலாம். பழைய ஏடிஎம் கார்டு ஒண்ண எடுத்துக்கிட்டு, மலை கலர் பளபளப்பு போய் மினுமினுப்பு இருக்கிற நேரத்துல, அதோட ஓரத்தால சின்னதா ரெண்டு மூணு இடத்துல தள்ளுங்க. கலர் விலகி வெளிச்சம் பட்ட பாறை முகம் மாதிரி வெளுப்பா நிக்கும். அவசரப்பட்டு ரொம்ப ஈரத்துல கீறினா அதே கோட்டுல கலர் போய் தேங்கி கறுப்பா ஆயிடும். மூணு பாறைக்கு மேல வேணாம்.

மலை காய்ஞ்சதும் மரக் கோடு. ஆத்தோரம் இருக்கிறது பெரும்பாலும் சீமைக் கருவேலம், அது பச்சைப் பசேல்னு இருக்காது, தூசி படிஞ்ச பச்சை. லெமன் எல்லோவோட அல்ட்ராமரைன் போட்டு கொஞ்சம் சியன்னா கலந்து அந்த பளிச்ச அடக்குங்க. பிரஷ் மூலையால ஒரே வரிசையா இல்லாம, இங்க நாலு தொடுதல், ஒரு இடைவெளி, அங்க ஏழு தொடுதல்னு போங்க. ஈரமா இருக்கும்போதே அடியில தயிர் பதத்துல அல்ட்ராமரைன் சியன்னா கலவைய ரெண்டு இடத்துல தொட்டு விடுங்க, நிழல் தானா பரவிக்கும். இதுக்கு மேல புதர்ல வேலை இல்ல.

மணலுக்கு ரெண்டு தடவ. முதல்ல ஓக்கர கஞ்சித்தண்ணியாக்கி, துளி சியன்னா சேத்து, முழு அகல பட்டையா இழுங்க, தண்ணி தேங்கி நிக்கிற ஓடை எதாவது இருந்தா அந்த இடத்த வெள்ளையா விட்டுடுங்க. காய விடுங்க. அப்புறம் மோருக்கும் தயிருக்கும் நடுவுல சியன்னாவும் நீலமும் கலந்து, பிரஷ் கழுத்த துணியில ஒத்தி, அந்த ட்ரை பிரஷ் இழுப்ப படுக்கவசமா போடுங்க. கீழ, நம்ம காலடிக்கிட்ட நீளமா அகலமா, தூரம் போகப் போக சின்னதா மெல்லிசா, மரக்கோடுகிட்ட சுத்தமா இல்லாம. லாரி தடம், ஆடு நடந்த தடம், காத்து அடிச்ச வரி எல்லாம் அந்த மூணு நாலு இழுப்புலயே வந்துடும். வெள்ளையா விட்ட ஓடையில வானத்து நீலத்த தண்ணியா ஒரே ஒரு இழுப்பு, ரெண்டு முனையும் வெள்ளையா விட்டுடுங்க, தண்ணி மின்னும்.

கடைசியா பனை. இது ஒண்ணுதான் படத்துல தெளிவா இருக்கப் போற விஷயம், அதனால பழைய பேப்பர்ல பத்து பனை போட்டு பாத்துட்டு வாங்க. தயிர் பதம் எடுத்துட்டு, பிரஷ்ஷ நேரா நிமித்தி, முனைய செங்குத்தா பேப்பர்ல ஒரு தட்டு தட்டி எடுங்க, இழுக்கக்கூடாது, தட்டணும். ஒரு இஞ்ச் மரம் நின்னுடும். உயரம் வேணும்னா அதுக்கு மேல இன்னொரு தட்டு. தலைக்கு மூலையால அஞ்சாறு தொடுதல், நடுவுல இருந்து வெளிய, நடுவுல சின்ன சின்ன வெள்ளை ஓட்டை இருக்கட்டும், வானம் அது வழியா தெரியணும். மூணு மரம்னா ரெண்டு சேந்து, ஒண்ணு தள்ளி, உயரம் மூணும் வேற வேற. நிழல் அடியில இருந்து மணல்ல ஒரே பக்கமா, நீலம் கூடின மோர்ல, ஒரு ஒரு இழுப்பு. தூரத்துல ரெண்டு ஆடு வேணும்னா மூலையால ரெண்டு புள்ளி, கால் போடாதீங்க, பாக்கிறவங்க கண்ணு கால போட்டுக்கும்.

எங்க நிறுத்துறதுன்னு யாரும் சரியா சொல்லிக் குடுக்க மாட்டாங்க, எனக்கு சொல்லிக் குடுத்தது ஆடு மேய்ச்சிகினு வந்த ஒரு ஆயா. படம் கிட்டத்தட்ட முடிஞ்சு, மலையில ஒரு மூலை எனக்கு புடிக்கல, திரும்பத் திரும்ப ஈர பிரஷ்ஷால தொட்டுகினே இருந்தேன். ஆயா பின்னாடி வந்து ரொம்ப நேரம் நின்னு பாத்துட்டு, "இன்னா கண்ணு எழுதிகினு கீற"ன்னுச்சு. இந்த மலைதான் ஆயான்னேன். குனிஞ்சு பாத்துட்டு, "மலை வந்துடுச்சி, மணலு வந்துடுச்சி, பனை கூட கீது, அப்பால இன்னாத்துக்கு அதையே தேச்சிகினு கீற"ன்னு கேட்டுட்டு ஆட்ட ஓட்டிகினு போயிடுச்சு. அன்னைக்கு பிரஷ்ஷ கீழ வெச்சேன். இப்பவும் ஒரு இடத்த மூணாவது தடவ தொடப் போறேன்னா எழுந்து பத்தடி தள்ளிப் போய் நின்னு பாக்கிறேன், அங்க இருந்து மலை மலையா தெரிஞ்சா அதோட விட்டுடுறேன். கீழ விழுந்த அழுக்குத் துளி, வானத்துல ஒரு திட்டு, இதெல்லாம் இருக்கட்டும். திருத்தப் போனீங்கன்னா ரெண்டு மூணு கலர் திரும்பத் திரும்ப கலங்கி சேறு நிறம் வந்துடும், சேறானத சுத்தம் பண்ண வழியே கிடையாது. ரொம்ப உறுத்துச்சுன்னா அதே காட்சிய புது பேப்பர்ல இன்னொரு தடவ போடுங்க, ஒரு படத்துக்கு நாப்பது நிமிஷம்தான் ஆகும், ரெண்டாவது எப்பவும் முதல் படத்த விட நல்லா வருது.

டேப்ப எடுக்க அவசரம் வேணாம், பேப்பர் முழுசா காய்ஞ்சு புறங்கைக்கு ஜில்லுன்னு இல்லாம இருக்கணும். அப்புறம் டேப்ப மேல தூக்காம, பேப்பரோட ஒட்டி படுக்க வெச்ச மாதிரி, படத்துக்கு வெளிப்பக்கமா மெதுவா உரிங்க. வராம மல்லு கட்டுச்சுன்னா ட்ரையர்ல கொஞ்சம் சூடு காட்டுங்க, பசை இளகிடும்.

பிரஷ்ஷ தண்ணி டப்பாவுல தலைகீழா நிக்க வெச்சிட்டு டீ குடிக்க போகாதீங்க, அரை மணி நேரத்துல முனை ஒரு பக்கமா வளைஞ்சிடும், சிந்தெடிக் ஒரு தடவ வளைஞ்சா லேசுல நிமிராது. சாதா குளியல் சோப்பு உள்ளங்கையில கொஞ்சம் தேச்சு, பிரஷ்ஷ அதுல முன்னும் பின்னும் ஓட்டி, நுரையில கலர் வராத வரைக்கும் அலசுங்க, தகரத்துக்குள்ள கலர் தங்கிடக் கூடாது. விரலால முனைய உளி மாதிரி தட்டையா அழுத்தி விட்டு, படுக்க வெச்சு காய விடுங்க, நிழல்ல. முனை நேரா காய்ஞ்சா நாளைக்கு காலைல பனை மரம் ஒரே தட்டுல நிக்கும்.